நண்டுக் கரையைச் சேலையாக வரைந்த பிலோமினா

பிலோமினா போய்விட்டாள்.

இன்று காலை தங்கச்சிமடத்திலிருந்து அவள் தங்கை மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, பெரியம்மா..." என்றாள்.

இங்கே என்னைத் தொடர்கிற பிள்ளைகளுக்கு அவளைத் தெரியாது. அறுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் டெக்ஸ்டைல் டிசைன் டிப்ளமோ படித்தோம். வகுப்பில் பெண்கள் என்று பார்த்தால் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் பரமக்குடி. நூல் வியாபாரி வீட்டுப் பெண். அவள் தங்கச்சிமடம். அப்பா வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். ஊர்ச் சர்ச் சாமியார் சிபாரிசில் வந்து சேர்ந்தவள்.

ஹாஸ்டலில் ஒருத்தி அவளைக் கண்டாலே மூக்கைப் பொத்துவாள். பிலோமினா ஒரு நாள் நின்று நிதானமாகச் சொன்னாள், "ஞாயித்துக்கிழமை மெஸ்ல மீன் போட்டா மொத ஆளா தட்டை நீட்டுறது நீதான். அப்ப மூக்கு எங்க போகுது?"

அதற்குப் பிறகு யாரும் பொத்தவில்லை.

ஒரு முறை புரொபசர் இயற்கையிலிருந்து ஒரு டிசைன் வரையச் சொன்னார். நாங்கள் எல்லாரும் மாங்காய், தாமரை, மயில்... அவள் மட்டும் தாள் முழுக்கப் புள்ளி புள்ளியாக வைத்திருந்தாள். ஒரு சின்ன வட்டம், அதைச் சுற்றி விசிறி மாதிரி விரிகிற புள்ளிகள்.

"என்னம்மா இது?"

"நண்டு சார். வளை தோண்டும்போது மணல உருண்டை உருண்டையா உருட்டிப் போடும். விடிஞ்சு எங்க கரைக்குப் போனா இப்படித்தான் கெடக்கும்."

அவர் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். வகுப்பில் அவள்தான் முதல். கடைசி வரை அவள்தான்.

படிப்பு முடிந்ததும் மதுரைப் பக்கம் ஒரு மில்லில் டிசைன் செக்ஷனுக்கு ஆள் எடுத்தார்கள். பிலோமினா போனாள். எங்கள் வகுப்பு சுந்தரமும் போனான். பரீட்சைக்கு முன்னால் கலர் மிக்ஸிங்கை அவளிடம் கேட்டுக் கேட்டுப் பாஸ் பண்ணியவன் அவன்.

மானேஜர் அவளுடைய டிராயிங் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். "பார்த்துவிட்டு அனுப்புகிறோம்" என்றார். டிராயிங் திரும்பி வரவில்லை. பெண்களுக்கு இங்கே வசதி இல்லை என்று ஒரு கார்டு மட்டும் வந்தது.

வேலை சுந்தரத்துக்கு.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் அம்மா ராமேஸ்வரம் கடையில் மகளுக்கு ஒரு மெல்லிய வாயில் துணிச் சேலை எடுத்து வந்தார். புது டிசைன், மதுரை மில் சரக்கு என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தாராம். வீட்டில் பிரித்துப் பார்த்தால்... சின்ன வட்டம். சுற்றி விசிறி மாதிரி புள்ளிகள்.

திருநாள் கழிந்ததும் மில்லுக்குக் கிளம்பினாள். துணைக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தாள். பரமக்குடியில் ரயில் ஏறியபோது பார்க்கிறேன், அந்தச் சேலையைத்தான் கட்டியிருக்கிறாள்.

மானேஜர் தலை நிமிர்ந்து பார்த்தார். அவர் பின்னால் சுந்தரம், கையில் ஸ்கேலோடு.

"இது என் டிராயிங் சார்."

"அப்படியா? உங்களுக்கு நன்றாக இருக்கிறதே. நாலு பேர் ஆசையாக வாங்கிக் கட்டுகிறார்கள் என்றால் சந்தோஷப்பட வேண்டாமா?"

அவள் குரல் உயரவில்லை. "எங்க அப்பா புடிச்ச மீனைத் தூக்கிட்டு, 'மீனு நல்லாருக்கு'ன்னு மட்டும் சொல்லிட்டு ஒருத்தன் போனா, எங்க ஊர்ல அவனுக்குப் பேரு வேற சார்."

பிறகு சுந்தரத்தைப் பார்த்தாள். "நீ சொல்லு சுந்தரம். இது யாரு வரைஞ்சது?"

அவன் தரையைப் பார்த்தான்.

மானேஜர் பெல்லைத் தட்டினார். பியூன் வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். எங்களுக்காக.

திரும்பி வருகிற ரயிலில் அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. சீட்டில் சாயாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"சாஞ்சுக்கயேன் பிலோ."

"சேல கசங்கிரும்டி. அம்மா ஆசையா எடுத்தது. அதுக்கிட்ட இதெல்லாம் சொல்லிறாத."

அவள் அம்மாவுக்குச் சாகும்வரை அது தெரியாது.

அதன் பிறகு எந்த மில்லுக்கும் அவள் மனுப் போடவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர் ஆனாள். ரிட்டையர் ஆகும்வரை காஜா எடுப்பதும் ஹெம்மிங்கும் சொல்லிக் கொடுத்தாள்.

நான் மட்டும் என்ன கிழித்தேன்... கைத்தறி சொசைட்டி கவுண்டரில் சேலை மடித்து வைக்கிற வேலை. அதற்கு ஒரு டிப்ளமோ.

சுந்தரம் அதே மில்லில் டிசைன் ஹெட்டாக ரிட்டையர் ஆனான். பிரிவு விழாவில் பொன்னாடை போர்த்தினார்களாம்.

ஒரு தடவை அவளிடம் கேட்டேன், இப்போதெல்லாம் வரைகிறாயா என்று.

"வரைஞ்சு? ஊருக்கே சேல எடுத்துக் குடுக்கவா?" என்று சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

காலையில் அந்தத் தங்கை மகள் போனில் கடைசியாக ஒன்று கேட்டாள். "பிளக்ஸ் அடிக்கணும் ஆன்ட்டி. பேருக்குக் கீழ ஓய்வு பெற்ற தையல் ஆசிரியைன்னு போடச் சொல்லிருக்கோம். சரிதானே?"

"டெக்ஸ்டைல் டிசைனர்னு போடும்மா."

"பெரியம்மா அந்த வேலை எங்கயும் பாக்கலையே ஆன்ட்டி?"

"பாக்கல" என்றேன்.

நாளைக்குச் சாயங்காலம் அடக்கம். மூட்டு வலியோடு ரயில் ஏற முடியுமா என்று என் மகன் கேட்கிறான். ஏறத்தான் போகிறேன்.

போடி பிலோ... வாரேன்.