குடத்து வண்டியில் கீபோர்டு

சலேத்மேரி போன ஆடியில் காலமானார். வயது அறுபத்தொன்று. கடத்தூர் பக்கத்துக் கிராமத்தில் ஜாக்கெட் தைத்தவர். ஞாயிறுதோறும் கோயிலில் கீபோர்டு வாசித்தவர். இது அதற்கு நான்கு மாதம் முன்பு, குருத்து ஞாயிறு சமயத்தில் நடந்தது.

இருபது வருடத்துக் கீபோர்டு. நடுக்கட்டைகள் பாதி ஊமை. பாட்டுக் குழுவை நடத்தும் அருள்குமார் ஒருநாள் சொல்லிவிட்டான்.

“இனிமே பாட்டெல்லாம் போன்லயே போட்டு ஸ்பீக்கர்ல உட்டுடலாங்க அத்தை. உங்க பொட்டிக்கு வயசாயிடுச்சி.”

“சனம் நின்னா உன் போன் நிக்குமாடா?”

“சரிங்க. குருத்து ஞாயிறு பவனி முழுக்க நீங்க வாசிங்க. அப்புறம் நான் போனைத் தொட்டா கேளுங்க.”

பவனி ரோட்டோர மாதா கெபியிலிருந்து கோயில் வரை ஒரு கிலோமீட்டர். வழியில் ஏது பிளக்? அருள்குமார் அது தெரிந்தே சொன்னான்.

சலேத்மேரி அன்றே தையல் மிஷின் ஸ்குரூடிரைவரால் கீபோர்டைப் பிரித்தார். கட்டைகளுக்கு அடியில் ரப்பர் பட்டைகள். நடுவில் இருந்தது தேய்ந்து வழவழத்திருந்தது. மேல்கோடிப் பட்டை மட்டும் புதுசாக இருந்தது. அந்த உயரத்துக்கு எந்தப் பாட்டும் போனதில்லை. அதை நடுவில் வைத்தார். தேய்ந்ததை மேல்கோடிக்கு அனுப்பினார். ஊமைகள் இடம் மாறின.

அடுத்தது கரண்ட். கண் விழுந்தது தோட்டத்து மருந்தடிக்கும் டேங்கின் மேல். உள்ளே பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. கீபோர்டுக்கு ஒன்பது போதும். ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருக்கும் மகள் யுவராணிக்குப் போன் போட்டார்.

“புதுசு வாங்கித் தரேம்மா.”

“புதுசு எனக்கெதுக்குடி? மூணு வோல்ட்டைக் கொறைக்க வழி சொல்லு.”

யுவராணி சின்ன சர்க்யூட் ஒன்றை கூரியரில் அனுப்பினாள். மாட்டியாயிற்று. குடம் தள்ளும் வண்டியின் மேல் ஒரு பலகை, பலகையில் கீபோர்டு, கீழே பேட்டரி.

ஞாயிறு காலை எட்டு மணி. ஓலைகள் மந்திரிக்கப்பட்டன. கணவர் மதலைமுத்து வண்டியைத் தள்ள, பின்னோக்கி நடந்தபடியே சலேத்மேரி வாசித்தார். “ஓசன்னா” கணீரென்று கிளம்பியது. இருநூறு அடி போனதும் இசை இழுத்து, முனகி, நின்றது.

“சார்ஜ் போட்டீங்கதானே?”

“போட்டேன்” என்றார் மதலைமுத்து. “நேத்து தக்காளியில புழு. பேட்டரியத் திரும்ப மாட்டி ரெண்டு டேங்குதான் அடிச்சேன்.”

“ரெண்டா?”

“ஆறு.”

அருள்குமார் போனைத் தட்டினான். கூடவே தூக்கி வந்த சார்ஜ் ஸ்பீக்கர் முழங்கியது. கூட்டம் நகர்ந்தது. ரோட்டைக் கடக்கும் இடத்தில் கரும்பு டிராக்டர் வரிசை. முன்னால் போனவர்கள் அந்தப் பக்கம், மீதிப்பேர் இந்தப் பக்கம். பாட்டு நிற்கவில்லை. முன்வரிசை இரண்டாம் சரணம் பாட, பின்வரிசை இன்னும் பல்லவியில் இருந்தது. ஸ்பீக்கர் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதுக்குப் போய்விட்டது. பங்குச் சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ரோட்டோர வீட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்த குள்ளம்மாள் கத்தினாள்.

“ஏங் மேரிக்கா, பேட்டரிதானே? என் டேங்கு ராவெல்லாம் சார்ஜ்ல கெடந்துச்சி!”

“கழட்ட நேரமில்லடி.”

“எதுக்குக் கழட்டணும்?”

காலி டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தாள். சலேத்மேரி டேங்கின் அடிமூடியைத் திறந்து, ஒயரை இழுத்து, பிளஸ் மைனஸ் பார்த்துக் கிளிப்பைக் கவ்வ வைத்தார். கட்டையைத் தொட்டதும் சத்தம் வந்தது. அருள்குமார் பாட்டை நிறுத்தினான். ஸ்பீக்கர் ஒயரைக் கீபோர்டில் தானே சொருகினான்.

அதன்பின் கூட்டம் நின்றால் பாட்டு நின்றது. கிழவர்கள் வந்து சேரும்வரை ஒரே அடியைச் சுற்றிச் சுற்றி வாசித்தார். பக்கத்தில் குள்ளம்மாள், ஒயரளவு தூரத்தில். ஒரு கையில் ஓலை வேறு.

“அடுத்த வருசம் தீர்த்தத்தையும் இதுலயே தெளிச்சிடலாம் போல” என்றார் சாமியார்.

“நல்லா கழுவிட்டுத்தான் தருவேனுங்க” என்றாள் குள்ளம்மாள்.

கோயில் வாசலில் அருள்குமார் போனை எடுத்து, எல்லாரும் பார்க்க, சட்டைப்பைக்குள் போட்டான். சலேத்மேரி அந்தச் சந்தோஷத்தில் வலது கையை மேல்கோடி வரை ஓடவிட்டார். கடைசிப் பன்னிரண்டு கட்டைகளிலும் டக் டக் என்ற சத்தம் மட்டுமே. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தக் கட்டைகளுக்கு இப்போது புது ரப்பர் பட்டை கிடைத்துவிட்டது. யுவராணி வாங்கி வைத்திருக்கிறாள். இன்னும் மாட்டவில்லை.