ஒரே ஒரு வேண்டாம்

சலவைக்கடை வாசலில் யார் துணிமூட்டையோடு வந்து நின்றாலும் போதகரின் வலது கை தானாக மேலே எழும்பிவிடுகிறது. "வாங்க, வாங்க. உங்க பாரத்தை எல்லாம் இங்கே இறக்கி வச்சிடுங்க" என்பார். வந்தவர்கள் திருதிருவென்று விழித்துவிட்டு மூட்டையைத் தராசில் வைப்பார்கள். "மாப்பிள்ளை, துணியை மட்டும் வாங்குங்க போதும், பாவத்தை எல்லாம் கேட்காதீங்க!" என்று உள்ளேயிருந்து மச்சான் கத்துவார். கடை மச்சானுடையது. போதகரும் மனைவியும் ஒண்டியிருக்கும் மாடி அறையும் அவருடையதுதான்.

போதகருக்கு ஓங்குதாங்கான உடம்பு. மைக் வேண்டாத தொண்டை. எதையும் மூன்றாகப் பிரித்துப் பேசாவிட்டால் மனுஷனுக்குத் தூக்கம் வராது. எண்ணெய்க் கறை பட்ட மேஜைவிரிப்பைப் பார்த்தாலும், "இதுல கவனிக்க வேண்டியது மூணு காரியம்" என்று ஆரம்பித்துவிடுவார். எதிரில் நிற்பவர் பஸ்ஸைக் கோட்டைவிட வேண்டியதுதான். சபையில் அவருக்குப் பட்டப்பெயரே 'மூணு காரியம்'. அது அவருக்கும் தெரியும், உள்ளூரச் சந்தோஷம்தான். சபை ஊழியக்காரர்களுக்கு வார விடுமுறை திங்கட்கிழமை. "எனக்கு இப்ப எல்லா நாளும் திங்கட்கிழமை" என்று சொல்லிச் சிரிக்கிறார். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

பாப்டிஸ்ட் சபைகளில் மேலேயிருந்து உத்தரவு போட ஆள் கிடையாது. போதகரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று சபையாரே கூடி ஓட்டுப் போடுவார்கள். அன்றைக்கு இவரைப் பக்கத்து அறையில் உட்காரவைத்துவிட்டு, ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் 'வேண்டும்' என்றோ 'வேண்டாம்' என்றோ எழுதிப் போட்டார்கள். ஒரே ஒரு ஓட்டில் வேலை போச்சு. மொத்தச் சபையும் வேண்டாம் என்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஒரு ஓட்டு என்றால் அதற்கு ஒரு முகம் இருக்கிறதே! அந்த முகம் யாருடையது என்று தேடுவதே இப்போது அவருக்கு முழுநேர ஊழியம்.

போன வாரம் ஆர்கன் வாசிக்கும் டீச்சர்மேல் சந்தேகம். இந்த வாரம் குழாய் ரிப்பேர்க்காரர்மேல். ஞானஸ்நானத்துக்கு ஆட்களை முழுக்கி எடுக்கும் தொட்டி ரிப்பேருக்குப் பிறகும் ஒழுகியபோது, "யோர்தான் நதி ஓடலாம், நம்ம தொட்டி ஓடலாமா?" என்று பிரசங்க மேடையிலிருந்தே ஒரு போடு போட்டிருந்தார். ரிப்பேர் செய்த மனுஷன் மூன்றாம் வரிசையில் முகம் சுண்டி உட்கார்ந்திருந்தார். அவரேதான் செவ்வாய்க்கிழமை வெள்ளைப் படுக்கைவிரிப்புகளோடு கடைக்கு வந்து, "தோத்திரம் ஐயா" என்றார். போதகர் பதில் சொல்லாமல் டோக்கனை நீட்டினார்.

"அவன்தான். கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேங்கிறான் பாரு" என்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். கண் மருத்துவமனை வரவேற்பில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்திருந்த அவள், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

புதன்கிழமை போன் வந்தது. சின்னச் சபை ஒன்றின் நிர்வாகம் பார்க்கும் டீக்கன். "ஞாயித்துக்கிழமை வந்து ஒரு பிரசங்கம் பண்ணுங்க ஐயா. முடிஞ்சதும் ஓட்டெடுப்பு. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. வீடு உண்டு." போதகருக்குக் கால் தரையில் பாவவில்லை. இதுவும் கைநழுவினால் இந்த வயதில் வேறெந்தச் சபை கூப்பிடும்?

மறுநாள் இரவுச் சாப்பாட்டின்போதும் அந்தப் பேச்சுத்தான். "போறதுக்கு முன்னாடி அந்த ஒரு ஆள் யாருன்னு தெரிஞ்சாப் போதும். மன்னிச்சிட்டு நிம்மதியாப் போயிடுவேன்" என்றார்.

"அப்ப மன்னிச்சிடுங்க. நான்தான்" என்றாள் மனைவி.

சிரித்துவிட்டார். "சும்மா விளையாடாதே."

"விளையாடலைங்க. நான்தான் வேண்டாம்னு எழுதினேன்."

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். கட்டின பொண்டாட்டி! முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் முந்தி ஆமென் சொல்கிறவள்! இவ்வளவு நாள் இவர் ஒவ்வொருத்தர் பெயராகச் சொல்லிக் கரித்துக் கொட்டியதை எல்லாம் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். என்ன நெஞ்சழுத்தம்!

"ஏன்?" என்றார்.

"எங்கம்மா செத்தப்ப அடக்க ஆராதனை நீங்கதான் நடத்தினீங்க. நல்லாத்தான் நடத்தினீங்க, எல்லாரும் அழுதாங்க. எனக்குப் பக்கத்து நாற்காலி காலி. யாரோ ஒரு அம்மா அதுல கைப்பையை வச்சிட்டு எழுந்து போனாங்க. நான் அந்தப் பையைப் பிடிச்சிக்கிட்டு அழுதேன்." தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அதுக்கப்புறம் நான் எதைச் சொல்ல வந்தாலும், வா ஜெபம் பண்ணிடலாம்னு ஆரம்பிச்சிடுவீங்க. ஆமென் சொன்னதும் உங்களுக்கு விஷயம் முடிஞ்சுடும். எனக்கு முடியலைங்க. சபைக்கு வேற போதகர் வருவார். எனக்கு வேற யார் வருவா?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன். நீங்க கண்ணை மூடிட்டு இருந்தீங்க."

"முதலாவது..." என்று வாயெடுத்தார். இரண்டாவது என்ன, முதலாவதே வரவில்லை. கை பழக்கதோஷத்தில் அவள் தலைப்பக்கம் நீண்டது. "வா, ஜெ..." என்றவர் அப்படியே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, ரிப்பேர்க்காரரின் வெள்ளை விரிப்புகளோடு யாருடையதோ சிவப்புத் திரைச்சீலையையும் சேர்த்து இயந்திரத்தில் போட்டுவிட்டார். எல்லாம் ரோஜா நிறம். மச்சான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வாங்க வந்த மனுஷனோ விரித்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல ஐயா, பேத்திக்குப் பிடிக்கும்" என்றார்.

"உங்களுக்கு என்மேல கோபம் இல்லையா?" என்று கேட்டார் போதகர்.

"தொட்டி விஷயத்துல கோபம்தான். அதுக்காக? ஓட்டு வேண்டும்னுதான் போட்டேன். தொட்டி வேற, ஓட்டு வேற ஐயா."

போதகருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மாடிக்குப் போய் மனைவியிடம் சொல்லலாம் என்றால் அவள்மேல் கோபமும் ஆறவில்லை. சனிக்கிழமை முழுக்க இருவரும் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதோடு சரி. கோபத்துக்கு நடுவே ஒரு பயமும் அரித்தது. கூடவே வாழ்கிறவளிடம் ஒரு ஓட்டு வாங்கத் தெரியாதவன், முன்பின் தெரியாதவர்கள் முன்னால் நின்று எதைப் பேசுவது?

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்னச் சபையில் பேசினார். தொண்டை அவரைக் கைவிடவில்லை. பிரசங்கம் முடிந்ததும், பாடகர் அங்கிகள் தொங்கும் சின்ன அறையில் இருவரையும் விட்டுவிட்டு ஓட்டெடுப்புக்குப் போனார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு டீக்கன் ஓடிவந்தார். "ஒருமனதா ஐயா! தூக்காத கையே இல்லை! சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே அறிவிச்சிடறேன்."

போதகர் மனைவியைப் பார்த்தார். அவள் சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

"கொஞ்சம் பொறுங்க," என்றார். "எங்க வீட்டு ஓட்டு இன்னும் எண்ணலீங்க."

டீக்கனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போதகர் அவரை மெல்ல வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். ஒரு நாற்காலியை இழுத்து மனைவியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். வெளியே பாட்டு முடிந்து சபை அமைதியாயிற்று. கதவை யாரோ ஒரு தரம் தட்டினார்கள். பிறகு இன்னொரு தரம். அவர் எழுந்திருக்கவில்லை.

"சொல்லும்மா" என்றார்.