வாரேன்னு சொன்னது குத்தமா?

நேற்று நான் போட்ட ‘மனிதவளத் துறையில் ஏஐ’ சான்றிதழுக்கு வாழ்த்துச் சொன்னவர்கள் இதையும் படித்துவிடுங்கள்.

இன்று காலை கழுகுமலை பஸ்ஸில், எங்கள் மில்லில் வேலை பார்க்கும் செல்வியக்கா என் முகத்துக்கு நேரே போனை நீட்டினார். மடியில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தாள் மகள்.

சொல்லாமல் லீவு எடுத்ததற்கு எச்சரிக்கை. அனுப்பியது நாங்கள் புதிதாக வாங்கிய லீவு ஆப்.

"சொல்லிட்டுத்தானே சார் இருந்தேன்? இன்னொண்ணு வந்தா வேலை போயிருமாமே?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நேற்று அவர் ஆப்பில் பேசி அனுப்பியதைப் போட்டுக் கேட்டேன்.

"புள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். வாரேன் சார்."

கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, ‘தாமதமாக வருவார்’ என்று பதிந்திருக்கிறது ஆப். அவர் வரவில்லை. உடனே எச்சரிக்கையை அனுப்பிவிட்டது.

"பேசி முடிக்கும்போது வாரேன்னு சொல்லாம, போறேன்னா சார் சொல்லுவாக?"

"நான் இப்பவே ரத்து பண்ணிருதேன்க்கா."

மில் ஸ்டாப் வந்தது; அவர் இன்றும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். "வாரேன்க்கா" என்று எழுந்தேன்.

"வருதீகளா, போறீகளா? தெளிவாச் சொல்லுங்க. எனக்கும் நோட்டீஸ் அனுப்பத் தெரியும்."

‘வாரேன்’ என்றால் ‘போறேன்’ என்று சொல்லித்தருகிற கோர்ஸ் எங்காவது இருந்தால் கமெண்டில் போடுங்கள். ஆப்பையும் கூட்டிக்கொண்டு வாரேன்.