முன்னாடியே பார்க்கக் கூடாது

லிஃப்ட் மெக்கானிக்கை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நடுவர் என்றுதான் சொல்வார்கள். இரண்டு ஸ்கூட்டர் உரசிக்கொண்டால் போதும், மாடியிலிருந்து இறங்கி வந்து யார் பக்கம் தப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. யாராவது கேட்டார்களா என்றெல்லாம் பார்ப்பதில்லை. வீட்டுச் சண்டைக்குக்கூட மார்க் போடுவார். "இந்த ரவுண்டுல எனக்குப் பத்து, உனக்கு ஒம்பது" என்பார். "சாப்பிட உக்காரும்போது தெரியும் யாருக்கு எத்தனைன்னு" என்பாள் மனைவி.

அவருக்கு உயிர் என்றால் குத்துச்சண்டைதான். அதைப் பற்றி அவரிடம் இல்லாத கருத்தே கிடையாது. கமெண்டரி சொல்கிறவர்கள் கூலிக்குக் கத்துகிறவர்கள், அதனால் டிவி சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். முகத்தில் குத்துகிறவன் கைதட்டலுக்குக் குத்துகிறான், விலாவில் குத்துகிறவன் ஜெயிக்கக் குத்துகிறான். சும்மாச் சும்மா கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் குண்டர்களுக்கு ரெஃபரி தாலி எடுத்துக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

இதையெல்லாம் காதுகொடுத்துக் கேட்க அவருக்கு இருந்தது ஒரே ஆள், மனைவியின் அண்ணன். மச்சான் இளவயதில் பெரிய வீரர்களுக்குப் பயிற்சியில் எதிரே நின்று கொடுக்கும் வேலை பார்த்தவர். பேர் அவர்களுக்கு, அடி இவருக்கு. இப்போது மரச்சாமான் கடையில் வண்டி ஓட்டுகிறார். சண்டைகள் எங்கோ தூரதேசத்தில் நடக்கும், இங்கே சனிக்கிழமை விடிகாலையில் வரும். நடுவருக்கு அன்று வேலை. அதனால் டிவியில் பதிவுபண்ணி வைத்து, ஞாயிறு மத்தியானம் இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். அதற்குள் முடிவு யார் காதிலும் விழக்கூடாது. இரண்டு பேருடைய போனும் சமையலறை இழுப்பறைக்குள் போய்விடும்.

போன மாதம் மச்சான் அந்தச் சட்டத்தை மீறினார். பாதிச் சண்டையில், இவன் பத்தாவது ரவுண்டில் விழுவான் என்று போட்டு உடைத்தார். அப்படியே விழுந்தான். நடுவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இன்னொரு தடவை முன்னாடியே பாத்துட்டு வந்தீங்கன்னா இந்த வாசப்படி மிதிக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அப்புறம் வரவேயில்லை. வாய்க்கு வேலையில்லாமல் நடுவர் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனையாகச் சுற்றினார். "ஒரு பொட்டிச் சண்டைக்காக எங்கண்ணனையா?" என்று மனைவி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். கடைசியில் அவளே அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பேசி இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வரச் சொன்னாள். மறுபடி ஒரு விரிசல் விட்டால் ஒட்டாது என்று நடுவருக்கே தெரியும்.

மச்சான் வந்தார். வாசலிலேயே நின்று, "பாக்கல மாப்ள, என் பொண்ணு மேல சத்தியம்" என்றார். நடுவர் ஒன்றுமே நடக்காததுபோல ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

முதல் சண்டை தொடங்கியது. நீலக் கால்சட்டைக்காரன் நன்றாக ஆடினான். "இவன் காலைப் பாருங்க மச்சான், தரையில படவே மாட்டேங்குது" என்று நடுவர் கச்சேரியை ஆரம்பித்தார். மச்சான் திரையைப் பார்க்காமல் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலாவதுல ஒரு முட்டி போடுவான்" என்றார்.

நாலாவது ரவுண்டில் நீலக் கால்சட்டைக்காரன் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றினான். அனுபவப்பட்ட ஆள், கணித்திருப்பார் என்று நடுவர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

இரண்டாவது சண்டையில் அந்தத் தேறுதல் போய்விட்டது. மச்சான் வாயே திறக்கவில்லை. ஆனால் அவர் தோள் அசைந்தது. தோள் இடது பக்கம் சரியும், அதற்கப்புறம்தான் திரையில் இருப்பவன் இடது பக்கம் சரிவான். தாடை வெட்டிக்கொள்ளும், அப்புறம்தான் அங்கே குத்து விழும். சத்தமில்லாத அந்த அறையில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. நடுவர் திரையை விட்டுவிட்டு அவரையே பார்த்தார். நடப்பது பக்கத்து நாற்காலியில், திரையில் தெரிவது அதன் நிழல் என்று ஆகிவிட்டது.

ரிமோட்டை அமுக்கி நிறுத்தினார்.

"பாத்துட்டீங்க."

"இல்ல மாப்ள."

"என்னை என்ன கேனையன்னு நெனச்சீங்களா?"

"பொண்ணு மேல சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்வேனா?" மச்சான் கையை விரித்தார். "எனக்கே பயமா இருக்கு மாப்ள. உள்ள இருந்து யாரோ எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருக்கு."

பொய் சொல்கிறவன் கண்ணை நடுவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். இது அந்தக் கண் இல்லை. பொய்யென்றே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பொய்க்குக் கோபப்படலாம், இதற்கு என்ன செய்வது? காபி கொண்டுவந்த மனைவி டம்ளரோடு கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நடுவர் அதைப் பாதியிலேயே விட்டுவிட்டு மூன்றாவது சண்டையைப் போட்டார். மணி அடிப்பதற்குள்ளேயே மச்சானின் கண் கலங்கியது. சிவப்பு மூலையில் நின்ற நெட்டையனைக் காட்டினார்.

"பாவம், நல்லா ஆடுவான். ஏழாவதுல டவலைப் போட்டுருவாங்க. ஆறாவதுலயே போட்டிருக்கணும்."

ஆறாவது ரவுண்டில் நெட்டையன் சுவரில் சாத்திய சாக்குப்பை மாதிரி கயிற்றில் சாய்ந்து அடி வாங்கினான். ஏழாவதில், தோற்றோம் போதும் என்று அவன் மூலையிலிருந்து ஒரு வெள்ளை டவல் பறந்து வந்து விழுந்தது. நடுவர் டிவியை அணைத்துவிட்டு எழுந்தார். கால் தன்பாட்டுக்குச் சமையலறைக்குப் போனது. இழுப்பறையைத் திறந்து தன் போனை எடுத்து மச்சானின் மனைவியைக் கூப்பிட்டார்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. மச்சான் ஃபைட்டைப் பாத்துட்டாரா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நேத்து விடியக்காலையில பாத்தாரு தம்பி. மூணையும் பாத்தாரு. முடிஞ்சதும், இன்னும் போடலையான்னு கேட்டுட்டு மறுபடி முதல்ல இருந்து பாத்தாரு. இன்னிக்குக் காலையிலயும் பாத்தாரு. எதுவும் ஞாபகத்துல இல்ல."

"எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா. போன வாரம் வண்டியை நடுரோட்டுல நிறுத்திட்டு வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு எனக்குப் போன் பண்றாரு. கடையில இனி வர வேண்டாம்னுட்டாங்க. சின்ன வயசுல தலையில வாங்குன அடின்னு டாக்டர் சொல்றாரு." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "உங்ககிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க வேற வாசப்படி மிதிக்காதீங்கன்னு சொல்லிட்டீங்க. இவரு தங்கச்சி வந்தப்பவும் இவரு பக்கத்துலயே உக்காந்திருந்தாரு, சொல்ல முடியல. அப்புறம் எப்படித் தம்பி வந்து சொல்றது?"

நடுவர் போனை வைத்தார். வாசப்படி என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் காதில் நின்றது. ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன வாய். அதை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது. பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்ற மனைவிக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அவர் அவள் தோளைத் தொட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனார்.

மச்சான் அணைந்த டிவிக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் கலக்கமெல்லாம் போய்ச் சின்னப்பிள்ளை மாதிரி ஆவல் இருந்தது.

"எங்க போயிட்டீங்க மாப்ள? போடுங்க, நேரமாகுது. இன்னிக்கு மூணு ஃபைட்டாம்ல?"

நடுவர் ரிமோட்டை எடுத்தார். முதல் சண்டையை முதலிலிருந்து போட்டார். நீலக் கால்சட்டைக்காரன் கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். மச்சானின் தோள் லேசாக அசையத் தொடங்கியது. பிறகு என்னவோ நினைத்துக்கொண்டவர்போல அவர் இந்தப் பக்கம் திரும்பி, நடுவரின் முழங்கையைப் பிடித்தார். பிடி இரும்பாக இருந்தது.

"மாப்ள, அன்னிக்கு வாசப்படி மிதிக்காதீங்கன்னு சொன்னீங்கல்ல. அதை நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கமே இல்ல. இந்தத் தடவை நான் முன்னாடியே பாக்கல. நம்புறீங்கல்ல?"

"நம்புறேன் மச்சான்" என்றார் நடுவர்.