டாக்டரை உதைத்த சென்றாயன்

பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் ஆட்களில் சென்றாயனைப் போல மரியாதை தெரிந்த ஆள் கிடையாது. யார் மேலாவது தெரியாமல் கால் பட்டுவிட்டால், செய்கிற வேலையை விட்டுவிட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதர் எண்பத்து நான்காம் வருஷம் லாரி லோடு உச்சியிலிருந்து சரிந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டார்.

நல்லவேளை, கால்கள் தப்பின. பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் முதுகில் கம்பி வைத்து நிமிர்த்துவதென்று முடிவானது. நிமிர்த்தும்போது நரம்பு இழுபட்டால் கால் இரண்டும் போய்விடும். நரம்பைக் கவனிக்கிற மெஷின் அங்கே அப்போது இல்லை. அதனால் பாதி ஆபரேஷனில் மயக்கத்தைக் குறைத்து, நோயாளியையே எழுப்பிக் காலை ஆட்டச் சொல்லிப் பார்ப்பார்கள்.

"முதுவு தெறந்து கெடக்கறப்பவா எழுப்புவீங்க?" என்று அலறினாள் மனைவி கோவிந்தம்மாள்.

"வலி தெரியாதும்மா. காலை ஆட்டினா கம்பி இருக்கும். ஆட்டலைன்னா உடனே கழட்டிடுவோம்" என்றார் டாக்டர் சவுரியப்பன். தினமும் வார்டுக்கு வந்து அவரே பயிற்சியும் கொடுத்தார். சென்றாயன் ஜோராக ஆட்டிக் காட்டினார்.

அந்த நாளும் வந்தது. எங்கோ ஆழத்தில் கிடந்த சென்றாயனுக்கு மெல்லக் காது கேட்டது. குப்புறப் படுத்திருந்தார். வாயில் குழாய், பேச வழியில்லை.

"சென்றாயன், கையை இறுக்குங்க." இறுக்கினார். "சபாஷ்! இப்ப காலை ஆட்டுங்க."

ஆட்டப் போனவர் திடுக்கிட்டார். பாதத்தை யாரோ பிடித்திருந்தார்கள்! குரலும் அங்கிருந்துதான் வந்தது. துணிக்கு அடியில் கால் அசைவது கண்ணுக்குத் தெரியாதென்று சவுரியப்பனே உள்ளங்காலைத் தாங்கி உட்கார்ந்திருந்தார். பயிற்சியில் இது இல்லையே! காப்பாற்றுகிற மனிதரைப் போய் உதைப்பதா? சென்றாயன் மரியாதையாக அசையாமல் கிடந்தார்.

"ஆட்டுங்க, சென்றாயன்!" சவுரியப்பன் கம்பி வைத்துக்கொண்டிருந்த பெரிய டாக்டர் பக்கம் திரும்பினார். "சார், ஆடலை!"

"கை அசைஞ்சுதே? அப்ப நரம்புதான். கம்பியைக் கழட்டுங்க" என்றார் பெரிய டாக்டர்.

கழட்டுவதா! மரியாதை பார்த்தால் இனி நிற்கவே முடியாது. 'சாமி, மன்னிச்சுக்கோங்க' என்று மனதுக்குள் கும்பிட்டுவிட்டு வலது காலால் விட்டார் ஓர் உதை. பின்னாலேயே இடது கால்.

சவுரியப்பனின் மூக்குக்கண்ணாடி எகிறித் தரையில் விழுந்தது. "ஆடுது சார்! ரெண்டும் ஆடுது!" என்று தியேட்டரே அதிரக் கத்தினார். உதை வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை அங்கே யாரும் பார்த்ததில்லை.

மறுவருஷம் சேலம் போகிற வழியில் சவுரியப்பன் பாலக்கோட்டில் இறங்கினார். ஆலை வாசலில் கரும்பு வண்டிகளை வரிசையில் விட்டுக்கொண்டிருந்த சென்றாயன் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"உங்க மேல காலு பட்டுருச்சுங்க. அதுக்குத்தான் மொதல்ல ஆட்டாம கெடந்தேன். உங்க கால்ல வுழுந்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

சொல்லிக்கொண்டே குனியப் பார்த்தார். கம்பி வைத்த முதுகு வளைந்தால்தானே! பாதி வழியில் கையை நீட்டியபடி திண்டாடினார்.

சவுரியப்பன் சிரித்துக்கொண்டே அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நிமிர்ந்தே நில்லுங்க. அதுக்குத்தானே உதை வாங்கினேன்."