வாடை இறங்கும்வரை

கார்த்திகை பிறந்ததும் மானிப்பாய் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, ஊர்காவற்றுறைக் கரையில் கட்டியிருந்த எங்கள் பாய்ப்படகில் குடியேறினோம். வாடைக்காற்று இறங்கியபின் பங்குனியில் திருகோணமலைக்கு ஓடுவதென்று திட்டம். அங்கேதான் என் ஒரே அக்கா இருந்தாள். இதய வருத்தக்காரி, மருந்தில் காலம் தள்ளுகிறவள்.

வெளிநாட்டில் உழைத்ததையெல்லாம் அந்தப் படகில் கொட்டியவர் என் கணவர். வடகரைக் கப்பல்காரப் பரம்பரை. நான் புத்தூரில் புகையிலைத் தோட்டத்துப் பிள்ளை. கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மீன் விலைதான்.

நான்கு மாதம் ஈரத்திலேயே கிடந்தோம். சேலைகளில் பூஞ்சணம் பிடித்தது. காற்றடிக்கும் நாட்களில் புட்டுப் பானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அவிக்க வேண்டும். அவர் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பார், பிறகு ஃபோனைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் இல்லை" என்பார். தேத்தண்ணீரை மட்டும் நேரத்துக்குக் கேட்பார்.

அக்கா கிழமைக்கொருமுறை ஃபோன் எடுப்பாள்.

"காத்து எப்ப எண்டாலும் விழட்டும். நீ பஸ்ஸிலை வாவன், பிள்ளை."

"பஸ்ஸிலை எனக்குச் சத்தி வரும் எண்டு உனக்குத் தெரியாதே, அக்கா?"

அது பொய்யில்லை. சின்ன வயதில் பஸ்ஸில் ஏறினால் தின்றதையெல்லாம் அவள் மடியில்தான் சத்தி எடுப்பேன். ஆனால் காரணம் அதுவல்ல. என் கலியாணத்தன்று, "எங்கடை பிள்ளையைக் கடலுக்கை தள்ளிப்போட்டினம்" என்று சபை நடுவில் அழுதவள் அவள். முப்பது வருடம் அதை மனதில் வைத்திருந்தேன். பாய் விரித்து அவள் கண் முன்னால் போய் இறங்க வேண்டும் என்ற வீம்பு எனக்கு.

மாசியில் அவளை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள்.

"நீர் பஸ்ஸிலை போட்டு வாரும். படகை நான் பாக்கிறன்" என்றார் அவர்.

"இன்னும் பத்து நாள்தானே. சேர்ந்தே போவம்" என்றேன்.

"சரி" என்றார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றியிருக்க வேண்டிய மனிதர், அந்த ஒரு சொல்லோடு கயிறு பார்க்கப் போய்விட்டார். அந்தச் 'சரி'யை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

ஒன்பதாம் நாள் விடிய அக்காவின் மகள் ஃபோனில் அழுதாள். அம்மா போய்விட்டா என்றாள்.

வெளியே வந்து பார்த்தேன். வாடை இறங்கியிருந்தது. அலை அடங்கிக் கிடந்தது. தென்னோலைகளை மெல்ல ஆட்டிக்கொண்டு நல்ல இளங்காற்று வந்தது. அவர் பாயைப் பார்த்தார்.

"செத்த வீட்டுக்கு என்னத்துக்குப் பாய்?" என்றேன்.

யாழ்ப்பாணத்துக்குப் போய்த் திருகோணமலை பஸ் எடுத்தோம். யன்னலோரம் இருந்து, பொலித்தீன் பையொன்றை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். பின்னேரம் இறங்கும்போது அது வெறுமையாகவே இருந்தது. அவ்வளவு தூரத்துக்கும் எனக்கு ஒருமுறைகூடச் சத்தி வரவில்லை.