கதிரேசன் சார் போட்ட ஒற்றைச் சாலை

நகர வடிவமைப்பாளர் கதிரேசன் கடந்த செவ்வாய்க்கிழமை காலை, ராகலைக்கு மேலே உள்ள புதுநகரில், தம் வீட்டில் காலமானார். செய்தியை எனக்கு உறுதிப்படுத்தியவர் அவருடைய மகள் மாலதி. ஹட்டனில் ஆசிரியையாக இருக்கிறார். தொலைபேசியில் அவர் அழவில்லை. "அப்பா ரோட்டுலதான் போகணும்னு சொல்லிட்டுப் போயிருக்காருங்க. நீங்க வந்து ஊர்க்காரங்ககிட்ட பேசணும்" என்றார். பேசிப் பயனில்லை என்பது பஸ் ஏறும்போதே எனக்குத் தெரியும்.

அவரை அறிந்தவர்களுக்கு அது எந்த ரோடு என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மண்சரிவில் தங்கள் வரிசை வீடுகளான லயங்களை இழந்த தோட்டக் குடும்பங்களுக்காகப் புதுநகரை வரைந்தவர் கதிரேசன். ஊருக்கு ஒரே சாலை. அதன் உச்சியில் மாரியம்மன் கோயில். கோயிலைத் தாண்டினால் மயானம். கோயில் வாசலுக்கு முன்னால் பிணம் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே, அந்த ஊரில் சாலை உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

அவர் முட்டாள் அல்ல. நாங்கள் சேர்ந்து வேலை செய்த காலத்தில் ஒருமுறை நுவரெலியா கடைத்தெருவில் என்னை நடக்கவைத்துப் பாடம் எடுத்தார். வெள்ளைக்காரன் தன் ஊர் ஞாபகத்துக்குக் கட்டிய பொம்மை இது என்றார். குளிர்நாட்டில் வெயில் அரிது. அங்கே பிறந்த கொள்கைகள் வெயிலைத் தேடித் தெருவை அகலமாகத் திறந்து வைத்தன. அதே தெருவைக் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் பாங்கொக்குக்கும் கொண்டுவந்து விரித்தபோது, மனிதர்கள் நிழலுக்காகச் சுவரோரம் ஒட்டி நடந்தார்கள், நடுவெளி வாகனங்களுக்குப் போயிற்று என்று விளக்கினார். "நம்ம ஊருக்குத் தெருவ விட கூரைதாங்க முக்கியம்" என்றார். சொன்னபடியே புதுநகரில் கடைகளின் முன்னால் நீளமாக ஒரு கூரைப்பாதை போட்டார். ராகலை மழையில் குடையில்லாமல் அரிசி வாங்கிக்கொண்டு வீடு போகலாம். இன்றுவரை அதைக் குறை சொன்னவர் இல்லை.

ஆனால் வெள்ளைக்காரன் கொண்டுவந்த அதே பெட்டியில் இன்னொரு கொள்கையும் வந்திருந்தது. ஊருக்கு முதுகெலும்பு ஒன்றுதான் இருக்க வேண்டும். அதன் முடிவில், தூரத்திலிருந்து பார்க்கிற கண் போய் நிற்க ஓர் உயரம் வேண்டும். அந்தக் கொள்கை பிறந்த ஊர்களில் அந்த உயரத்தில் தேவாலயம் நிற்கிறது. அங்கே செத்தவனைத் தேவாலயத்துக்கு உள்ளேயே கொண்டுபோகிறார்கள். இங்கே வாசலைக்கூடக் கடக்க முடியாது. வரைபடம் மேசையில் இருந்தபோதே இதை அவரிடம் சொன்னேன்.

"தெரியும். தெரிஞ்சுதான் வச்சேன்" என்றார்.

அவர் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா செத்தபோது, பங்களா ரோட்டில் சவம் போகக்கூடாது என்பது தோட்டத் துரையின் உத்தரவு. தேயிலைக்குள் நுழைந்து, மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கான் வழியாகத் தூக்கிப்போனார்கள். "எங்கப்பாவ களவாண்ட சாமான் மாதிரி ஒளிச்சுக் கொண்டு போனாங்க. என் ஊர்ல எவனும் அப்படிப் போகமாட்டான். நடுரோட்டுல போவான்" என்றார். துரையின் உத்தரவும் சாமியின் வழக்கமும் அவருக்கு ஒன்றாகவே தெரிந்தன. சனம் ஏற்காதே என்று கேட்டேன். "பழகிடுவாங்க" என்றார். அவரோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். சமையலறையில் புகை போகவில்லை என்றாலும், படி செங்குத்து என்றாலும் அவர் பதில் அதுதான்.

புதுநகரின் முதல் சாவு ராசாத்தியின் கணவருடையது. ராசாத்தி கொழுந்து பறிப்பவர். கதிரேசன் நேரில் வந்து சாலையில் நின்று, இப்படியே போங்கள் என்று கையைக் காட்டினார். தப்படித்தவர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். தூக்கியவர்கள் அவரைப் பார்க்காமல் திரும்பி, வீடுகளுக்குப் பின்னால் கானுக்குள் இறங்கினார்கள். களிமண் வழுக்கியது. முன்னால் பிடித்தவர் விழ, பெட்டி சரிந்து மூடி திறந்தது. ராசாத்தி கணவரின் முகத்திலிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தார். கதிரேசன் மேலே சாலையில், தாம் நின்ற இடத்திலேயே நின்றார். பின்வழியில் நாலு படியாவது வெட்டிக் கொடுக்கும்படி பிறகு ஊரார் கேட்டார்கள். படி வெட்டினால் ரோட்டுக்கு வரவே மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்.

ஓய்வு பெற்றதும் அங்கேயே, சாலை தொடங்கும் இடத்தில் குடிவந்தார். தம் ஊரில் தாம் இருக்காவிட்டால் யார் இருப்பது என்றார். ஒவ்வொரு சாவுக்கும் வாசலில் வந்து நின்று, கானுக்குள் இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊரார் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு இறங்குவார்கள்.

செவ்வாய் பிற்பகல் கூரைப்பாதையின் கீழ் ஊர் கூடியது. வெளியே நல்ல மழை. கடைக்காரர் பாரூக் நானா எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தார். மாலதி தகப்பனின் விருப்பத்தைச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. வாகனம் பிடித்து ரோட்டில் கொண்டுபோனால் யாரும் மறிக்கமாட்டோம் என்றார் கோயில் தலைவர். கூட வருவீர்களா என்று மாலதி கேட்டார். தலைவர் வெளியே மழையைப் பார்த்தார்.

"சார் போட்ட கூரைக்குக் கீழ நனையாம நின்னுக்கிட்டு, சாருக்கு வழியில்லன்னு பேசுறோம். நல்லாருக்குங்க நம்ம ஞாயம்" என்றார் பாரூக் நானா. ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

ராசாத்தி கோப்பையைக் கீழே வைத்தார். "எங்க வீட்டுக்காரரு போன வழிதாங்க அது. சாருக்கு மட்டும் அதுல என்ன கொறச்சல்? ரோட்டுல போனா அவரு தனியாப் போவாரு. கான்ல வந்தா நாங்க தூக்குறோம். நீங்களே சொல்லுங்க டீச்சர்."

மாலதி என்னைப் பார்த்தார். பிறகு ராசாத்தியின் பக்கம் திரும்பினார். "தூக்குங்க" என்றார் அவர்.

மறுநாள் தப்பு முழங்கியது. ஊர் முழுவதும் வந்தது. தம் அப்பா போனது போலவே, கதிரேசன் தேயிலைக்குள் நுழைந்தார். மழை விடவில்லை; கான் முழங்கால்வரை ஓடியது. எனக்கு இரண்டு முறை கால் வழுக்கியது. தூக்கியவர்களுக்கு ஒருமுறைகூட வழுக்கவில்லை. எந்தக் கல்லில் மிதிப்பது, எந்த வளைவில் பெட்டியைத் தோள் மாற்றுவது, எந்தச் செடியின் தூரைப் பிடிப்பது என்று ஒருவருக்கொருவர் சொல்லாமலே செய்தார்கள். பெட்டி அசையாமல் போனது. ராசாத்தி முன்னால் நடந்து, தொங்கும் கிளைகளைப் பெட்டியில் படாமல் விலக்கிக்கொண்டே போனார்.

கதிரேசன் சொன்னது சரி. பழகிவிட்டார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல். இனி யாராவது வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அதைச் சொன்னால், எதற்குப் பழகுவார்கள் என்று கேட்பேன். அவரிடம் நான் கேட்காத கேள்வி அது.

மயானத்துக்குக் கோயிலைச் சுற்றி இரண்டாவது பாதை கேட்டு ஊரார் கொடுத்த மனு பிரதேச சபையில் இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் எடுப்பதாகச் சபை உறுப்பினர் ஒருவர் என்னிடம் சொன்னார். கோயில் தலைவரின் தாயார் படுக்கையில் விழுந்து, சாப்பாட்டை நிறுத்திச் சில நாட்களாகின்றன. புதுநகரில் மழை இன்னும் விடவில்லை.